கான்கிரீட்டுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டியவை

கார் நிறுத்துவதற்காகத் தூண்கள் மேல் திறந்து விடப்படும் ஸ்டில்ட் தளத்தின் கூரை பீமில் பிளம்பர் துளை போடத் தொடங்கிவிட்டார் என்று சைட் பொறியாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் வேலையிடத்துக்கு வரும் வழியில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் கோர் கட்டிங் இயந்திரம் கான்கிரீட்டுக்குள் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. துளையின் ஓரத்தில், பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி ஒன்று பளபளவென்று தெரிந்தது. "சமையலறைக் குழாய் டக்டுக்குப் போகணும்ல சார், எனக்கு வேற வழி தெரியல," என்றார் பிளம்பர். அவரிடம் கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை. அவர் கையில் இருந்த வரைபடத்தில் குழாய் அந்த பீமைக் கடந்துதான் போயிற்று. அந்த பீமில் குழாய் நுழைந்து போவதற்கான உறையை, அதாவது ஸ்லீவை, கம்பி கட்டும்போதே பதித்திருக்க வேண்டும். கம்பி கட்டியவரின் வரைபடத்தில் ஸ்லீவே இல்லை.

மதுரைக்கு வடக்கே, நத்தம் சாலைக்கும் அழகர்கோவில் சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில், சுமார் 60 சென்ட் நிலத்தில் ஸ்டில்ட் தளத்தின் மேல் நான்கு தளங்களும் 32 வீடுகளும் கொண்ட குடியிருப்பு அது. நிலம் பார்த்த நாளிலிருந்து சாவி ஒப்படைத்த நாள் வரை அதன் திட்ட மேலாளராக இருந்தேன். அதற்கு முன்பும் பின்பும் வேறு கட்டடங்களைக் கட்டியிருக்கிறேன் என்றாலும், இந்தத் தொழிலில் எது எதற்கு முன்னால் முடிய வேண்டும் என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது அந்த இரண்டு அங்குலத் துளைதான்.

துளையின் காரணத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் அது ஐந்து மாதங்களுக்கு முந்தைய ஒரு மாலைக் கூட்டத்தில் போய் நின்றது. ஒவ்வொரு தளத்திலும் இரண்டு வீடுகளுக்குச் சமையலறை வடமேற்கில் அமைந்திருந்தது. வீடு பார்க்க வந்தவர்களில் பலர் அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்பு இல்லாவிட்டால் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விற்பனைப் பிரிவு இதை எடுத்துச் சொன்னது, உரிமையாளர் ஒப்புக்கொண்டார், கட்டடக் கலைஞர் ஒரு வாரத்தில் சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றித் தந்தார். கட்டமைப்புப் பொறியாளருக்கும் புதிய வரைபடம் போயிற்று. சுவர் இடம் மாறியதால் அவர் இரண்டு பீம்களை மாற்றினார். குழாய் வரைபடம் போடுபவருக்கு மட்டும் எவரும் அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டியவன் நான். அவர் புதிய அமைப்பைப் பார்த்துத் தம் வரைபடத்தைத் திருத்தித் தந்தபோது மூன்று தளங்களின் கான்கிரீட் போட்டு முடிந்திருந்தது. ஆறு வீடுகளின் குழாய்களுக்கு வழி இல்லை.

வாஸ்து பார்ப்பது சரியா, தவறா என்பது இங்கே பேச்சே இல்லை. மதுரையில் வீடு கட்டி விற்பவர் அக்னி மூலையை முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாங்க வருகிறவர் என்ன கேட்பார் என்று தெரிந்திருந்தும் அதை வரைபடத்தின் தொடக்கத்தில் வைக்காமல், கம்பி வாங்கிய பிறகு வைத்ததுதான் பிழை.

கட்டமைப்புப் பொறியாளர் அன்று மாலையே வந்து பார்த்தார். பீமில் துளையே கூடாது என்றில்லை. தூணை ஒட்டிய பகுதியைத் தவிர்த்து, ஆழத்தின் நடுப்பகுதியில், இருபுறமும் கூடுதல் ரிங் வைத்து முன்கூட்டியே கணக்கிட்டால் ஸ்லீவ் வைக்கலாம். இறுகிய கான்கிரீட்டில் பிறகு துளைப்பது வேறு விஷயம். வெட்டுத்தாக்கத்தைத் தாங்கும் ரிங்கையே அது அறுத்துவிடுகிறது, அதிலும் நாங்கள் துளைத்த இடம் தூணிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் இருந்தது. அந்தத் துளையைச் சுருங்காத கிரவுட் கலவையால் அடைத்தோம். ஆறு வீடுகளின் குழாய்களையும் பீமுக்கு அடியில் இறக்கிக் கொண்டுபோனோம். அவற்றில் இரண்டு ஸ்டில்ட் தளத்தில் கார்களுக்கு மேலே போவதால் எவருக்கும் உறுத்தவில்லை. மற்ற நான்கும் கீழ்வீட்டுக்காரரின் துணி துவைக்கும் இடத்தில், எட்டடி உயரத்தில், ஒரு பெட்டிக்குள் மூடப்பட்டுப் போகின்றன. அந்த நான்கு வீட்டுக்காரர்களையும் நேரில் அழைத்து, ஏன் அப்படி ஆயிற்று என்று நானே சொன்னேன்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடர முடியாது, ஏனென்றால் அங்கே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. மதுரையின் ஊர்ப்பெயர்களைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்: தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், நாகனாகுளம், மாடக்குளம், உலகனேரி. குளமும் ஏரியும் பெயரில் இருக்கும் ஊரில் நிலம் வாங்குகிறவர் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணும் அதைச் சுற்றிய எண்களும் என்ன வகையில் பதிவாகியுள்ளன என்று பார்க்க வேண்டும். புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ எங்கிருந்து எங்கே போகிறது என்று விரல் வைத்துத் தொடர வேண்டும். எங்கள் நிலம் ஆவணப்படி சுத்தமான பட்டா நிலம். இரண்டு புல எண்களுக்கு மேற்கே ஒரு வாய்க்கால் காட்டப்பட்டிருந்தது, அதோடு அது முடிந்துபோயிருந்தது.

முதல் முறை நிலத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். "என்ன தம்பி, வீடு கட்டப் போறீகளா?" என்றார். "ஆமாங்கய்யா, மாடி வீடுக" என்றேன். "கட்டுங்க. ஆனா ஐப்பசி கார்த்திகையில ஒருக்கா வந்து பாத்துட்டுக் கட்டுங்க. மேற்க இருந்து வர்ற தண்ணி இந்த வழியாத்தேன் கம்மாய்க்குப் போகும்" என்று கையை வீசிக் காட்டினார். அவர் காட்டிய கோடு எங்கள் நிலத்தின் மேற்கு ஓரத்தை அறுத்துக்கொண்டு போயிற்று. எந்த ஆவணத்திலும் அது இல்லை. நாங்கள் ஐப்பசி வரை காத்திருந்தோம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு அவர் சொன்ன இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது.

அந்த ஒரு செய்தியால் மூன்று முடிவுகள் மாறின. மேற்குப் பக்கக் காலியிடத்தை விதி கேட்டதைவிட அகலமாக்கி, அதில் தண்ணீர் ஓடத் திறந்த கால்வாய் விட்டோம். மண் பரிசோதனைக்கு நிலத்தின் நடுவில் மட்டும் துளையிடாமல் அந்த ஓரத்திலும் இரண்டு துளையிடச் சொன்னோம். மற்ற இடங்களில் நான்கடியிலேயே சரளை கிடைக்க, அங்கே மட்டும் ஏழடி வரை வண்டல் களியாக இருந்தது. திருமங்கலம் பக்கத்துக் கரிசலைப் போல அது நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் மண். ஆகவே அந்தப் பகுதியில் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிய ஆழமும் அஸ்திவாரத்தின் அளவும் வேறாயின. மூன்றாவதாக, தரைமட்டத்தை உயர்த்தினோம். இதில் சாலையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போடுவதால் நம் ஊர்ச் சாலைகள் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்கின்றன. இன்றைய சாலைக்கு ஓரடி மேலே கட்டிய வீடு இருபது ஆண்டில் சாலைக்குக் கீழே போய்விடுவதைச் செல்லூரிலும் பழங்காநத்தத்திலும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்த மூன்று மாற்றங்களுக்கும் செலவு ஆயிற்றுதான், ஆனால் எல்லாம் காகிதத்தில் இருக்கும்போதே நடந்ததால் எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே திட்டம், ஒரே மேலாளர். தண்ணீர் பற்றிய செய்தி உரிய காலத்தில் வந்து உரிய வரைபடங்கள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சமையலறை பற்றிய செய்தி காலம் தாழ்ந்து வந்து ஒரு வரைபடத்தைத் தவறவிட்டது. திட்ட மேலாளரின் வேலை ஆட்களை விரட்டுவது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள், புதிதாகச் சேரும் பொறியாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொத்தனாரையும் சித்தாளையும் மேற்பார்க்க மேஸ்திரி இருக்கிறார், அதை அவர் என்னைவிட நன்றாகச் செய்வார். எந்த முடிவு எந்தக் கான்கிரீட்டுக்கு முன் முடிய வேண்டும் என்ற வரிசையைக் காப்பதற்கு மட்டும்தான் வேறு ஆள் கிடையாது.

1950-களின் இறுதியில் அமெரிக்காவின் டுபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 'கிரிட்டிகல் பாத்' முறையை நாங்கள் எல்லோரும் கல்லூரியில் படித்தோம். ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்ற சங்கிலிகளை வரைந்து, அவற்றுள் மிக நீளமான சங்கிலியே திட்டத்தின் காலம் என்று காட்டும் அந்த முறையில் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் நாங்கள் போடும் அட்டவணைகளில் வானம் தோண்டுவது, கம்பி கட்டுவது, பூசுவது என்று கையால் செய்யும் வேலைகளே இருக்கும். முடிவெடுப்பதும் நாள்கள் பிடிக்கும் வேலை என்பது அட்டவணையில் ஏறுவதில்லை. அந்தத் துளைக்குப் பிறகு நான் முடிவுகளையும் வேலைகளாகவே எழுதத் தொடங்கினேன்.

அதற்கென ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். என்ன முடிவு, யார் எடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்தக் கான்கிரீட் அதற்காகக் காத்திருக்கிறது என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம்தான் முக்கியம். லிப்ட் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பெரும்பாலானவர்கள் கட்டடம் எழும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள்; ஆனால் லிப்ட் குழியின் ஆழமும் அகலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அது அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு முன் முடிய வேண்டிய முடிவு. குளியலறைத் தளத்தை எத்தனை அங்குலம் இறக்கிப் போடுவது என்பது கழிப்பறைக் கோப்பையின் வகையைப் பொறுத்தது, ஆகவே கோப்பையின் வகை, முதல் தளக் கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங்குக்கு முன் முடிய வேண்டும். ஏசி எந்தச் சுவரில் வரும் என்பது கட்டில் எங்கே கிடக்கும் என்பதைப் பொறுத்தது; ஏசிக்கும் விளக்குக்குமான மின்குழாய் ஸ்லாபுக்குள் புதைவதால், கட்டில் கிடக்கும் இடமும் ஸ்லாப் போடுமுன் தெரிய வேண்டும். மின்மாற்றி நிற்கும் இடத்தை முதலில் ஒதுக்காமல், கடைசியில் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டைப் பறித்து அங்கே வைத்ததையும் வேறொரு திட்டத்தில் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு இடங்களும் ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தன.

சட்டமும் இதே வரிசையைத்தான் கேட்கிறது. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது நம் கணக்கில் 12 சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை எந்த அளவு முடிந்திருக்கிறது என்று பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரும் சான்று தந்தால்தான் அந்த அளவுக்கு எடுக்க முடியும். வடிவமைப்பைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு: கட்டடத்தின் அமைப்பையோ பொது இடங்களையோ மாற்ற வேண்டுமானால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. இந்தச் சட்டத்தைத் தொழிலுக்குத் தடை என்று குறைப்பட்டுக்கொள்ளும் சக தொழிலினரோடு எனக்கு உடன்பாடில்லை. வரைபடத்தை முழுதாக முடிக்காமல் வானம் தோண்டும் பழக்கத்தை வேறு எதுவும் இவ்வளவு உறுதியாகத் தடுத்ததில்லை.

அனுமதி விதிகளை முழுவதும் இங்கே சொல்லப் போவதில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டர் வரை உயர்மாடி அல்லாத கட்டடம், அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். இந்த எல்லைக்குள் நிற்பதா, தாண்டுவதா என்பது முதல் கோடு வரையும் முன்பே எடுக்கப்பட வேண்டிய முடிவு. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது மதுரையில் கட்டுகிறவர் மறக்கக் கூடாத விதி. கோபுரங்களை இன்றும் தொலைவிலிருந்தே பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வட்டத்துக்குள் வேலை செய்யும்போது ஒவ்வொரு அங்குல உயரத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதை நான் சுமையாக நினைத்ததில்லை.

காலக்கணக்குக்கு வருகிறேன். மதுரையில் ஒரு திட்டத்தின் அட்டவணையைத் தமிழ் நாள்காட்டி இல்லாமல் போட முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூசை போட மாட்டார்கள். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அந்த வாரத்தில் வாடிவாசல் பக்கம் போகாமல் சென்ட்ரிங் வேலைக்கு வரும் ஆளை நான் பார்த்ததில்லை, வரச் சொல்வதும் முறையில்லை. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியாக ஆற்றுக்கு வரும் நாள்களில் எங்கள் சாலையில் கான்கிரீட் லாரி நுழையவே முடியாது. ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்டை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது தர விதி. ஆகவே ஸ்லாப் தேதியை, அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு நான்கு நாள் முன்னதாகவோ, அழகர் மலைக்குத் திரும்பிய பின்னரோ வைப்போம். வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சட் பூசைக்கும் ஊருக்குப் போவார்கள் என்பதையும் இப்போது அதே நாள்காட்டியில் குறித்துக்கொள்கிறேன்.

சித்திரை, வைகாசி வெயிலில் போடும் ஸ்லாபுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் 10 நாளுக்குக் குறையாமல் கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து கியூரிங் செய்ய வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது, கலப்புச் சிமென்டு என்றால் 14 நாளைப் பரிந்துரைக்கிறது; நம் சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்புச் சிமென்டுதான். ஸ்லாபின் மேல் சிமென்டுக் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடலாம். தூண்களில் நிறுத்த முடியாது. சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அங்கேதான் ஏமாற்று நடக்கும். காலை ஏழு மணிக்குப் போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க எடுக்கும் மாதிரிக் கட்டிகளைப் பொறுத்தவரை, முதல் 50 கன மீட்டருக்கு 4 மாதிரி, அதன்பின் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று, ஒரு மாதிரிக்கு 3 கட்டிகள். எங்கள் ஒரு தளத்துக்கு 120 கன மீட்டர் ஆயிற்று, ஆகவே 6 மாதிரி, 18 கட்டிகள். இதைத் தவிர 7-ஆம் நாள் உடைத்துப் பார்க்கத் தனியாகச் சில கட்டிகளும் எடுத்துவைப்போம். கான்கிரீட்டை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளை எடுக்கும் நாளும் விதியில் உண்டு: நாலரை மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாள், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள். மேல்தளத்தின் பாரம் கீழ்த்தளத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்த நாள்கள் போதாது என்பதால் நாங்கள் இரண்டு தளங்களின் முட்டுகளை எப்போதும் விட்டுவைத்தோம்.

ஒப்பந்தப் பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பில்லை அளந்து, சரிபார்த்து, உரிய நாளில் பணம் தரவில்லை என்றால் ஒப்பந்ததாரரின் ஆட்கள் அடுத்த திங்கட்கிழமை வேறு வேலையிடத்தில் இருப்பார்கள். தாமதமாகப் பணம் கொடுத்துவிட்டுத் தரமான வேலையைக் கேட்ட உரிமையாளர் எவருக்கும் அது கிடைத்து நான் பார்த்ததில்லை.

வரைபடங்களுக்குத் திரும்புகிறேன். அலுவலகத்தில் எத்தனை அழகான வரைபடம் இருந்தாலும், கட்டடம் எழுவது மேஸ்திரியின் சட்டைப்பையில் எட்டாக மடிந்து, வியர்வையில் நனைந்து கிடக்கும் தாளின்படிதான். ஆகவே திருத்தம் வரும்போது புதிய தாளைக் கொடுப்பதோடு பழைய தாளைத் திரும்ப வாங்குவதையும் கட்டாயமாக்கினேன். ஒவ்வொரு தாளிலும் திருத்த எண், தேதி, கட்டடக் கலைஞர், கட்டமைப்பு, மின்சாரம், குழாய் ஆகிய நால்வரின் கையொப்பம். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் தாள் சைட்டுக்குள் வராது. முதலில் இதை எல்லோரும் தொந்தரவாகவே நினைத்தார்கள். குழாய் வரைபடம் போடுபவர் மட்டும், "இப்பத்தான் சார் நானும் இந்தக் கட்டடத்துல ஒரு ஆளுன்னு தெரியுது" என்றார்.

முடிவுக் கட்ட வேலைகளில் நான் மிகவும் மெனக்கெடுவது குளியலறைகளில் நீர் தேக்கிப் பார்க்கும் சோதனைக்குத்தான். கசிவுத் தடுப்பு பூசியபின், டைல்ஸ் ஒட்டுமுன், மூன்று அங்குலத் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டின் கூரையைக் கையால் தடவிப் பார்ப்போம். 64 குளியலறைகளில் 5 கசிந்தன. ஐந்தும் குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்திலேயே கசிந்தன. கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை இருந்தால் ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுகள் வரை செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். ஒப்படைக்கும்போது குடியிருப்போர் சங்கத்திடம் சாவிகளோடு, கட்டியபடியே திருத்தி வரைந்த வரைபடங்களையும் ஒரு முழுத் தொகுப்பாகக் கொடுத்தோம். அந்த ஆறு குழாய்களும் அதில் சிவப்புக் கோட்டில் இருக்கின்றன.

இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை விளாங்குடி பக்கம். சென்ற வாரம் வியாழக்கிழமை மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் என்று முடிவாகி, லாரிகளும் பம்பும் சொல்லியாகிவிட்டது. செவ்வாய் மாலை பிளம்பரை அழைத்து, கட்டிய கம்பிக்கு மேல் நடக்கவிட்டு, ஸ்லீவ் இருக்கும் இடங்களிலெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். 46 இருக்க வேண்டும், 44 இருந்தன. விடுபட்ட இரண்டும் ஒரே பீமில். கட்டமைப்புப் பொறியாளர் புதன்கிழமை வெளியூரில் இருந்தார். லாரிக்காரருக்குப் போன் செய்து கான்கிரீட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம்.